பழைய பேப்பரில் பங்கு விலை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, சிங்காநல்லூரிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ்ஸில் நான் சீட்டின் நுனியில் உட்கார்ந்து வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேர்வு ஏதும் இல்லை. வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மடியில் ஒரு நீளத் தாளும், ஒரு பழைய பேப்பரும் இருந்தன. அந்தத் தாளில் நான் ஒரு பிழை செய்திருந்தேன். அதை நம்பி என் அப்பா முந்தின பஸ்ஸில் போய்விட்டிருந்தார்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா ஒரு ஃபவுண்டரியில் போர்மேனாக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவர். வந்த தொகையில் பாதியை ஒரு பம்ப்செட் கம்பெனியின் பங்குகளில் போட்டார். மீதிப் பாதி பாங்கில் இருக்கிறது. அதன் வட்டியில்தான் வீடு நடக்கிறது. மூன்று மாதமாக அந்தப் பங்கின் விலை இறங்கிக்கொண்டே வருகிறது. தினமும் காலையில் அப்பா முகம் கழுவும் முன்பே பேப்பரைப் பிரித்து விலைப் பக்கத்தைப் பார்ப்பார்... மடித்து வைத்துவிடுவார்.

ஒருநாள் கேட்டார்: "ஏங்கண்ணு, இது இதுக்கு முன்னாடி இப்படி உழுந்து எந்திரிச்சிருக்குதான்னு எங்க பாக்கறது?"

நல்ல கேள்வி. ஆனால், போன வருடத்து விலையை யார் வைத்திருக்கிறார்கள்? ஷேர் புரோக்கர் ஆபீஸில் இந்த வாரத்துப் பட்டியல்தான் உண்டு. ஐந்து வருட விலைகளை ஃபிளாப்பியில் போட்டு பம்பாயில் விற்கிறார்களாம். அவர்கள் சொன்ன தொகை எங்கள் வீட்டின் மூன்று மாதச் செலவு. ஃபிளாப்பியைப் போட்டுப் பார்க்கக் கம்ப்யூட்டருக்கு எங்கே போவது? எங்கள் கல்லூரி நூலகம் இலக்கிய இதழ்களை வருடக்கணக்கில் பைண்டு செய்து காக்கிறது. நாளிதழ்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடைக்குப் போட்டுவிடுகிறது.

எடைக்குப் போடும் இடத்துக்கே போனேன். உக்கடத்தில் ஒரு பாய் நடத்தும் பழைய பேப்பர் கடை.

"ஷேர் பக்கமாம்மா? தனிக் கட்டாவே கெடக்குது" என்றார் பாய்.

நம்பவே முடியவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் எதற்காகப் பிரித்து வைத்தார்?

"பை ஒட்டறவங்க கேட்டு வாங்குவாங்கம்மா. மத்த பக்கத்துல சாமி படம் இருக்கும், தலைவர் படம் இருக்கும். அதுல கறி கட்டிக் குடுத்தா சண்டைக்கு வந்துருவாங்க. இதுல யார் மூஞ்சியும் இல்லீல்ல? யாருக்கும் கோவம் வராது! இப்ப பிளாஸ்டிக் கவர் வந்து எல்லாம் தேங்கிப்போச்சு. ஆமா, நீ எதுக்குக் கேக்கற?"

"அப்பாவுக்குப் பழைய விலை பாக்கணுங்க."

"நாளைக்கு என்ன வெலைன்னு கேக்கறவங்களத்தான் நான் பாத்திருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே தராசில் வைத்தார். ஐந்து வருட விலை, சாதாரணப் பேப்பரின் எடை விலைக்குக் கிடைத்தது.

பத்து நாள் உட்கார்ந்து வெள்ளிக்கிழமை விலைகளை மட்டும் எடுத்து எழுதினேன். மங்கிய எண்ணை இன்னொரு நாளிதழோடு ஒப்பிட்டேன். தாள் கிடைக்காத வாரத்தைக் காலியாக விட்டேன், ஊகித்து நிரப்பவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு வாரம் 310. அடுத்த வாரம் 148! அதன் பிறகு மெல்ல மெல்ல ஏறி, அப்பா வாங்கியபோது 290.

தாளைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாதியாப் போயிட்டு மறுக்கா எந்திரிச்சிருக்குது பாரு! இப்பப் பயந்து வித்துப்போட்டா நாமதான் ஏமாளி. வெலை கம்மியா இருக்கறப்பவே இன்னுங் கொஞ்சம் வாங்கிப் போட்டரலாங்கண்ணு."

பாங்கில் இருக்கும் அந்த மீதிப் பாதி! செவ்வாய்க்கிழமை காலை செக் புத்தகத்தை எடுத்துக்கொண்டு புரோக்கர் ஆபீஸுக்குக் கிளம்பினார்.

அவர் போன பிறகு, பேப்பர் கட்டை மறுபடி கட்டும் முன் அந்த வாரத்துப் பக்கத்தை இன்னொரு முறை பார்த்தேன். 148க்குப் பக்கத்தில் எறும்பளவில் இரண்டு ஆங்கில எழுத்துகள்: எக்ஸ், பி. முதலில் பார்க்கும்போதே கண்ணில் பட்டவைதான். எனக்கு வேண்டியது எண்கள்தானே என்று விட்டுவிட்டேன். மூன்று வரி கீழே இன்னொரு கம்பெனி. அதன் விலையும் அதே வாரம் பாதியாகியிருந்தது. பக்கத்தில் அதே இரண்டு எழுத்துகள்.

அப்படியானால், அந்த விலை நிஜமாகவே விழுந்ததுதானா? அந்தப் பக்கத்தையும் என் தாளையும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன்.

ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பஸ் நின்றது. ஒவ்வொரு முறையும் அப்பா கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டதாகவே மனத்தில் ஓடியது.

புரோக்கர் ஆபீஸில் அப்பா செக் புத்தகத்தைப் பிரித்து வைத்து, தேதி எழுதிக்கொண்டிருந்தார். நான் அவரைத் தாண்டிப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த கிளார்க்கிடம் பக்கத்தை நீட்டினேன். "இந்த ரெண்டு எழுத்துக்கு என்ன அர்த்தங்க?"

"அதுங்களா? போனஸுங்க அம்மணி. ஒரு ஷேர் வெச்சிருந்தா இன்னொண்ணு சும்மா குடுத்தாங்க. ஒண்ணு ரெண்டாச்சு, வெலை பாதியாச்சு. யாருக்கும் நட்டமில்லீங்க."

அப்பாவின் பேனா நின்றது. "அப்ப அன்னிக்கி அது உழுகவே இல்லீங்களா?"

"இல்லீங்களே. இப்ப உழுகறதுதானுங்க மொதத் தடவை."

அப்பா பேனாவை மூடி, செக் புத்தகத்தைப் பையில் வைத்தார். "அப்ப, இது எந்திரிக்குமான்னு..." என்று தொடங்கினார். கிளார்க் அவசரமாகப் போனை எடுத்தார்.

பாயின் பேப்பரில் பிழை இல்லை. மலிவாகக் கிடைத்தது, நம்பகமாகவும் இருந்தது. எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்த இடத்தில்தான் கோளாறு. யாராவது உங்களிடம் கோடு போட்ட பட்டியல் ஒன்றை நீட்டினால், எழுதாமல் விட்டது என்ன என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா சொன்னார்: "அந்தத் தாளுல உன்ற கையெழுத்து முத்துமுத்தா இருந்துச்சு கண்ணு. இன்னொருக்கா கேக்கோணும்னு தோணவே இல்ல."

முன்பு வாங்கிய பங்குகளை அவர் இன்னும் விற்கவில்லை. விலையும் இறங்குவதை நிறுத்தவில்லை. ஒரு மாற்றம் மட்டும்: காலையில் பேப்பரை அவர் பிரிப்பதில்லை. அப்படியே என் கையில் தருகிறார். "நீ பாத்துச் சொல்லு கண்ணு. நீ சொன்னாச் செரியா இருக்கும்."

திட்டியிருந்தால், நிம்மதியாக இருந்திருப்பேன்.