பிள்ளையார் சுழிக்குக் கீழே ஒரு கடவுச்சொல்

விளாங்குடியில் திருமணத் தகவல் நிலையம் நடத்துகிறவனுக்குச் சந்தேகம்தான் மூலதனம். ஜாதகத்தை நம்பக் கூடாது, போட்டோவை நம்பக் கூடாது, ‘பையன் டீ கூடக் குடிக்க மாட்டான்’ என்கிற தாய்மாமனை நம்பவே கூடாது. அப்படி யாரையும் நம்பாமல் நான் சேர்த்த விவரமெல்லாம் ஒரு லேப்டாப்பில் இருந்தது. அதில் ‘குறிப்பு’ என்றொரு கட்டம். முந்தின சம்பந்தம் ஏன் முறிந்தது, யாருக்கு வலிப்பு, எந்த வீட்டில் என்ன வழக்கு என்பதெல்லாம் அங்கே. கீழக்குயில்குடி ஆசிரியை ஒருவரின் கட்டத்தில், நாற்பதே நாளில் முடிந்துபோன முதல் கல்யாணம். மாப்பிள்ளையிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும் நான் வாய் திறக்கக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை பூ வைக்க நாள் குறித்தாகிவிட்டது. அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

லேப்டாப் விற்ற கடைக்கார அம்மா, திருட்டுப் போனாலும் யாரும் படிக்க முடியாதபடி உள்ளே இருப்பது முழுவதையும் பூட்டிக் கொடுத்திருந்தார். கடவுச்சொல் தெரியாவிட்டால் எல்லாம் வெறும் குப்பை எழுத்துதானாம். நகல் ஒன்றை இணையத்தில் வைக்கவும் சொன்னார். முன்பின் தெரியாத தேசத்துக் கம்ப்யூட்டரில் நம்மூர்ப் பெண்களின் ரகசியமா என்று மறுத்துவிட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை வாடிப்பட்டியில் ஒரு ஜாதகம் வாங்கிக்கொண்டு, லேப்டாப் பையோடு பஸ் ஏறினேன். நிற்கத்தான் இடம். நிற்பவர் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். நான் சும்மா கொடுத்துவிடுவேனா? மாப்பிள்ளை பார்ப்பதுபோல் முகம் முகமாக ஆராய்ந்தேன். இரண்டு போன் வைத்திருந்தவரைக் கழித்தேன். கண்ணை மூடியிருந்தவரையும் கழித்தேன். தூங்குகிறவனை நம்பலாம், தூங்குவதுபோல் இருப்பவனை முடியாது. கடைசியில் நெற்றி நிறைய விபூதியும் சட்டைப்பையில் மைப்பேனாவுமாக ஒருவர் தேறினார். “குடுங்கண்ணே” என்று அவரே கை நீட்டினார். சமயநல்லூரில் ஏறிய கூட்டம் என்னைப் பின்வாசல்வரை தள்ளிக்கொண்டு போனது. விளாங்குடியில் நீந்தி முன்னால் வந்தபோது, அந்த இருக்கையில் ஓர் அம்மாளும் அவருடைய பூக்கூடையும் இருந்தார்கள்.

புகார் எழுதிய ஏட்டய்யா அடையாளம் கேட்டார். விபூதி என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கும் என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

கடைக்கார அம்மாவுக்குப் போன் செய்தேன். அதை யாராலும் திறக்க முடியாது, பயப்படாதீர்கள் என்றார். அப்போதுதான் மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த தாளைப் பற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. புது லேப்டாப்புக்குப் பூஜை போட்ட அன்று, மஞ்சள் தடவிய தாளில் பிள்ளையார் சுழி போட்டேன். சுழிக்குக் கீழே ஒன்றும் எழுதாமல் விட்டால் காரியம் விளங்காது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. எழுதக் கைக்கு வந்தது கடவுச்சொல்.

கடைக்கார அம்மா, “அப்ப தொறந்தேதான் குடுத்திருக்கீங்க” என்றார்.

மறுநாள் ஆசிரியையின் பள்ளிக்கூடத்துக்குப் போய், மதிய இடைவேளையில் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுவே சந்தேகமாக இருந்தது. எவனோ சொல்லித் தெரிவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு மைதானத்தின் கோடிக்குப் போனார். நான் முதுகைப் பார்த்து ஜாதகம் கணித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தவர், “அவருக்கு ஏற்கெனவே தெரியுமாம்” என்றார்.

திருடன் இவ்வளவு சுறுசுறுப்பானவனா என்று வியந்தேன்.

“பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடியே தெரியுமாம். அவுக மச்சான்கிட்ட நீங்கதான் டீக்கடையில வச்சு, ‘சின்னதா ஒரு முன்கதை இருக்கு, மத்தபடி தங்கமான பொண்ணு’ன்னு சொன்னீங்களாம். நானாச் சொல்றேனான்னு இம்புட்டு நாளாப் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு.”

சொன்னது நினைவுக்கு வந்தது. தங்கம் என்றதுதான் அன்று பெரிதாகத் தெரிந்தது.

“வெள்ளிக்கெழம பூ வைக்க வர்றாங்க” என்றார். “நீங்க வர வேண்டாம்ண்ணே.”

தலையாட்டினேன். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று, உங்கள் விவரத்தை இன்றைக்கே அழித்துவிடுகிறேன் என்றேன்.

“எதுல இருந்து?” என்று கேட்டார்.