செத்தவளுக்குக் கேட்ட ஒன்ஸ்மோர்

மேடையில் நான் செத்துக் கிடந்தேன். தலை கட்டிலுக்கு வெளியே சாய்ந்திருக்க வேண்டும், மூச்சு தெரியக்கூடாது, இமை அசையவே கூடாது என்பது இயக்குநரின் கட்டளை. அரும்பாடுபட்டு இமையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தபோதுதான் இருட்டிலிருந்து "ஒன்ஸ்மோர்!" என்று ஒரு குரல் வந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னொருவர் உச்சுக் கொட்டினார். குரல் யாருடையது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கேமரன் மலைக்கும் அடிவாரத்துச் சிம்பாங் பூலாய்க்கும் லோரி ஓட்டி, இன்ஜின் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசித் தடித்த தொண்டை அது. என் பெரியப்பா.

நாடகக் கலை படித்துக்கொண்டிருந்த எனக்கு அது படிப்பின் கடைசித் தவணை. ஈப்போவில் ஒரு சின்ன அரங்கில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் வகுப்பின் இறுதி நாடகம். முதல் வரிசையில் விரிவுரையாளர் மதிப்பெண் போட உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆஸ்பத்திரியில் சாகிற மனைவி வேடம். கணவனாக நடித்தவன் அடுத்த வசனத்தை விழுங்கிவிட்டு என் பக்கம் குனிந்து, "இப்ப என்னா செய்றது?" என்று முணுமுணுத்தான். பிணத்திடம் யோசனை கேட்டால் பிணம் என்ன சொல்லும்?

நான் நாடகம் படிக்கப் போகிறேன் என்றபோது, அதில் என்ன வேலை கிடைக்கும் என்று வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். பெரியப்பா மட்டும், "டிக்கெட்டு சும்மா கெடைக்குமா?" என்று கேட்டார். அதன்பின் எந்த நாடகமானாலும் நாங்கள் இருக்கும் புந்தோங்கிலிருந்து அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துதான் போவேன். முடிந்ததும் அவர் கைதட்ட மாட்டார். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு நேரே மேடைக்குப் பின்னால் போய், சற்றுமுன் அழுது துடித்தவர்களிடம், "சாப்டாச்சா லா?" என்று தன் வழக்கமான ‘லா’வோடு விசாரிப்பார். எனக்கு மானம் போகும். ஆனால் அவர்கள் ஒருவர்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை.

உண்மையைச் சொன்னால், நாடகத்தை எப்படிப் பார்ப்பது என்றே எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கைப்பேசியை அணைத்துவிட்டு, இருமலை அடக்கிக்கொண்டு, அசையாமல் உட்கார வேண்டும் என்று கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். உட்காருகிறேன். முடிந்ததும் எல்லாரும் எழுந்து கைதட்டும்போது, பக்கத்தில் இருப்பவர் எழுகிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு நானும் எழுகிறேன். மனம் உருகியதா, உருகியதுபோல் நடித்தேனா என்று கேட்டால் தெரியாது. சினிமாவில் செத்தவனுக்கு நாம் கூப்பிடுவது கேட்காது. மேடையில் செத்தவனுக்குக் கேட்கும். கேட்கும் என்று தெரிந்தும் எல்லாரும் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் எனக்கு விளங்காத விஷயம்.

ஒன்ஸ்மோர் என்பது பாராட்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரியப்பா பிறந்து வளர்ந்த பத்து காஜா ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அதற்கு வேறு அர்த்தமாம். அங்கே கோயில் திருவிழாவில் நாடகம் போடுவார்கள். ரப்பர் பாலை நிறுக்கும் பால் ஸ்டோரில் வேலை முடித்து வருகிறவர்கள் பாதி நாடகத்தில்தான் வந்து சேர முடியும். அவர்கள் தலை தெரிந்ததும் முன்னால் இருப்பவர்கள் ஒன்ஸ்மோர் என்று கத்துவார்களாம். செத்துக் கிடக்கும் ராஜா எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, மறுபடி வாளை எடுத்துச் சண்டை போட்டு மறுபடி சாவாராம். "லேட்டா வந்தவனும் பாக்க வேணாமா லா?" என்பார் பெரியப்பா, ஏதோ சட்டத்தைச் சொல்வதுபோல.

பெரியம்மா பத்து காஜா ஆஸ்பத்திரியில் இறந்தபோது பெரியப்பா மலையிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார். சிம்பாங் பூலாயில் ரோடு ஜாம். அவர் வந்து சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். கடைசிவரை பெரியம்மா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று என் அம்மா எனக்குச் சொன்னார். பெரியப்பாவிடம் சொன்னாரா என்று தெரியாது. துக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் பெரியப்பா, "நா லேட்டு லா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அதன்பின் அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

கட்டிலில் கிடந்த எனக்கு இதெல்லாம் ஒழுங்காக நினைவுக்கு வந்தது என்று சொன்னால் பொய். எழுந்தால் மதிப்பெண் போகும், இத்தனை மாத உழைப்பும் கேலிக்கூத்தாகும் என்பது மட்டும் தெளிவாக இருந்தது. எழாமல் இருந்தால் என்ன போகும் என்பதுதான் தெரியவில்லை. ஆனால் ஏதோ போய்விடும் என்று பயமாக இருந்தது. எழுந்துவிட்டேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, "தண்ணி குடுங்க" என்று பழைய வசனத்தை மறுபடி சொன்னேன். கணவன் தம்ளரை நீட்டினான். மறுபடி செத்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டு சாக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இந்தத் தடவை என் முகம் தானாகவே பெரியப்பா இருந்த பக்கம் திரும்பியது. இருட்டில் அவர் தெரியவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

நாடகம் முடிந்ததும் வழக்கம்போலப் பொட்டலத்தோடு வந்தார்.

"யாருக்காகக் கேட்டீங்க பெரியப்பா? எல்லாருமே மொதல்லருந்து இருந்தாங்களே?"

"யாரோ லேட்டா வந்தாங்க லா. நீ சாப்புடு."

தாமதமாக வருகிறவர்களை உள்ளே விடுவதில்லை என்பது அந்த அரங்கின் விதி. கதவைத் தொடக்கத்திலேயே சாத்திவிட்டார்கள்.

ஏன் எழுந்தாய் என்று விரிவுரையாளர் பிறகு கேட்டார். தெரியவில்லை என்றேன். தேர்ச்சி கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று அவரும் சொல்லவில்லை.

போன மாதம் அதே அரங்கில் ஒரு புது நாடகம். நாங்கள் இருவரும் போயிருந்தோம். அதிலும் ஒரு பெண் சாகிறாள். அவள் கண்ணை மூடினாள். பெரியப்பா கத்தப்போகிறார் என்று நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தேன். கத்திவிட்டால் நல்லது என்றும் இருந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். செத்தவள் செத்தபடியே கிடந்தாள், விளக்கும் அணைந்தது.

வெளியே மோட்டாரில் ஏறும்போது, ஏன் ஒன்ஸ்மோர் கேட்கவில்லை என்று கேட்டேன்.

"எதுக்கு லா? அதான் பாத்தாச்சே," என்று சொல்லி மோட்டாரை முடுக்கினார்.

அந்த நாடகத்தை நாங்கள் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தோம்.