ஈர மண்ணில் விழுந்த பெயர்

போன மாதம் என் மகன் ஒரு ஷூ வாங்கினான். வாங்கினான் என்பதைவிட, அவனுக்கு அது வாய்த்தது என்று சொல்ல வேண்டும். ஷூ செய்கிற கம்பெனி ஒன்றும், இளவட்டங்கள் போடும் பனியனும் தொப்பியும் தைக்கிற கம்பெனி ஒன்றும் கூட்டுச் சேர்ந்து செய்ததாம். கொஞ்சம் ஜோடிதான் செய்வார்களாம். வேண்டும் என்பவர்கள் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டுமாம். குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் காசு கொடுக்கவே அனுமதி. பெட்டியைத் திறந்து என் கையில் கொடுத்தான். நான் முதலில் செய்த காரியம், அதைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்த்ததுதான். ரப்பரில் இரண்டு கம்பெனிப் பெயரும் செதுக்கியிருந்தது. “எல்லாரும் மேலதாம்மா பார்ப்பாங்க, நீ என்ன அடியைப் பார்க்கிற?” என்று சிரித்தான். சிரிக்கட்டும். அவன் தாத்தாவைப் பற்றி அவனுக்கு முழுசாகத் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பாவுக்குத் தாமிரபரணிக் கரையில், வண்ணார்பேட்டையில் ஒரு ரெடிமேட் கடை இருந்தது. கடைக்கு ‘செண்பகம்’ என்று பெயர். என் பெயரும் அதுதான். நான் பிறந்த வருடம் திறந்த கடை. எங்கள் பக்கத்தில் பாதிக் கடைகள் சாமி பெயரிலும் மீதி பெற்ற பிள்ளைகள் பெயரிலும் இருக்கும். அப்பாவுக்கு இரண்டும் ஒன்றுதான். காலையில் ஷட்டரைத் தூக்கும் முன் ஸ்டூல் போட்டு ஏறி, பெயர்ப் பலகையைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். எங்கள் கடைப் பை எங்கேயாவது தெருவில் கிடந்தால் போதும், குனிந்து எடுத்து, பெயர் இருக்கும் பக்கத்தைக் கண்ணில் ஒற்றி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். தோழிகளோடு போகும்போது இதைப் பார்க்க நேர்ந்தால் எனக்கு மானம் போகும். யாரோ ஒரு கடைக்காரர் என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பேன்.

அப்பாவின் சிநேகிதர் ஒருவர் மேலப்பாளையத்தில் சின்னதாக ஷூ பட்டறை வைத்திருந்தார். ஷூ மாமா என்றுதான் நான் கூப்பிடுவேன். பள்ளிப் பிள்ளைகள் போடும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூதான் அவர் தொழில். ஜூன் மாதம் பிய்த்துக்கொண்டு போகும், அப்புறம் பட்டறை ஈயோட்டும். கொஞ்ச காலம் துபாயில் இருந்து வந்தவர் என்பதால் அவரிடம் யோசனைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு நாள் கடைக்கு வந்து, தீபாவளிக்குச் சேர்ந்து ஒரு சரக்குப் போடலாம் என்றார். ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் அப்பாவுடையது, ஷூ அவருடையது, மூன்றிலும் ஒரே பெயர். காலேஜ் பையன்கள் செட்டாக வாங்குவார்கள் என்பது அவர் கணக்கு.

“செருப்புல எம் மவ பேரா? வாயக் கழுவும் வே” என்றார் அப்பா.

“செருப்பு இல்ல அண்ணாச்சி, ஷூ. கணுக்காலுக்கு மேல ஏறி நிக்குத ஷூ. பேரு அங்கன மேலதான் கெடக்கும். பாதம் படாது.”

இந்த விவகாரம் ஒரு வாரம் ஓடியது. மாமா ஒரு ஷூவைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அப்பா அதன் கணுக்கால் பட்டையில் விரலை வைத்துக்கொண்டு, கால்மேல் கால் போட்டால் மற்றக் கால் இங்கே உரசுமா, சம்மணம் போட்டால் பெயர் தரையில் படுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில் வெளிப்பக்கப் பட்டையில் எங்கள் கடைப் பெயரும், உள்பக்கத்தில் மாமாவின் பட்டறைச் சின்னமான புறாவும் என்று முடிவாயிற்று. மாதிரி ஷூ வந்த அன்று நானும் கடையில் இருந்தேன். அப்பா அதைத் திருப்பிப் பார்த்தார். அடி ரப்பரில் கொடி ஓடினாற்போல் வளைவு வளைவாக ஒரு டிசைன். “நல்லாருக்கே வே, வழுக்காது” என்று கட்டை விரலால் தடவிக் கொடுத்தார். மாமா சிரித்துக்கொண்டு நின்றார்.

தீபாவளிக்கு அந்தச் சரக்கு அள்ளிக்கொண்டு போனது. பாளையங்கோட்டைக் காலேஜ் பையன்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். செட்டை மாட்டிக்கொண்டு ஆற்றுப் பாலத்தின் மேல் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

தீபாவளி முடிந்து முதல் மழை பெய்தது. மறுநாள் காலையில் மழை விட்டதும் காலேஜுக்குப் போக பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். தார் ரோட்டை ஒட்டிய மண் குழைந்து கிடந்தது. பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்து நடந்தவள் நின்றுவிட்டேன். மண்ணில் செண்பகம் என்று எழுதியிருந்தது. எங்கள் கடைப் பலகையில் இருக்கும் அதே எழுத்து, அதே சுழிப்பு. யாரோ குச்சியால் கிறுக்கியிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு எட்டு தள்ளி இன்னொன்று. அதற்கு அப்பால் இன்னொன்று. ஒன்றின் மேல் சைக்கிள் ஏறிப் போயிருந்தது. ஒன்றின் மேல் வெற்றிலை எச்சில். நின்றிருந்த பஸ்ஸின் படிக்கட்டில் சேறாக என் பெயர் ஒட்டியிருந்தது.

எங்கே கால் வைப்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பையன்களில் ஒருவன் தன் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஏலே, இங்கன பாரு, மிதிச்சா பேரு விழுது” என்றான். அவ்வளவுதான், மற்றவர்களும் தங்கள் பங்குக்கு அழுத்தி அழுத்தி மிதித்துப் பார்த்தார்கள். அவர்கள் யாருக்கும் என்னைத் தெரியாது. தெரிந்து செய்திருந்தால்கூட எனக்கு அத்தனை அதிர்ச்சியாக இருந்திருக்காது. என் பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை. திரும்பிக் கடைக்கு ஓடினேன்.

அப்பா வந்து பார்த்தார். முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். காலை நீட்டி, செருப்பால் ஒரு பெயரைத் தேய்த்து அழித்தார். பாதி அழிந்ததும் சுட்டதுபோல் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். தன் காலாலேயே மிதித்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். அப்புறம் அந்த ஜனக் கூட்டத்துக்கு நடுவில், சலவை வேட்டியோடு, குத்தவைத்து உட்கார்ந்து, உள்ளங்கையால் என் பெயரை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். சட்டையில் ஒரு சுருக்கம் விழுந்தால் கடைக்கு வராத மனிதர் அவர். “எப்பா, எந்திரிங்க, எல்லாரும் பாக்காங்க” என்று தோளைப் பிடித்து இழுத்தேன். “நீ வீட்டுக்குப் போ” என்றார், நிமிராமல். அவர் அழிக்க அழிக்க, இறங்குகிற பையன்கள் புதிதாகப் பதித்துக்கொண்டே போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்ன முதல் வார்த்தை, “இனி காலேஜ் வேண்டாம்” என்பதுதான். அம்மாவும், “பொட்டப்புள்ள பேர ஊரே மிதிக்குது, இனி எந்த மொகத்த வச்சிட்டு அவ வெளிய போவா?” என்று அழுதாள். ஷூ செய்தவரும் விற்றவரும் போட்டவனும் ஆம்பிளைகள். வீட்டில் உட்கார வேண்டியவள் மட்டும் நான். கொதித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

அன்று மத்தியானம் ஷூ மாமா வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. “பாத்தியளா அண்ணாச்சி? மழைக்குத்தான் காத்துட்டு இருந்தேன். ஊர் முழுக்க உங்க மவ பேருதான்” என்றார். மண்ணில் நேராக விழட்டும் என்று, அடி ரப்பரில் எழுத்து இடவலமாகப் புரண்டு வரும்படி அச்சு வெட்டச் சொன்னது அவரேதான். கொடி டிசைன் என்று அப்பா தடவிக் கொடுத்தது அதைத்தான். அப்பாவுக்குச் சொல்லாமல் வைத்திருந்த சந்தோஷமாம் அது. அப்பாவின் நகக்கண்ணில் இன்னும் சேறு இருந்தது. “நீரு மனுசன்தானா வே? எம் புள்ள பேர எல்லாப் பய காலுக்கும் அடியில போட்டுட்டு, சிரிச்சிட்டு வாரீரு” என்றார். மாமாவின் சிரிப்பு பைய அணைந்தது. அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. என்னைப் பார்த்து, “ஒன் பழைய பள்ளிக்கூட ஷூ கெடக்கா புள்ள?” என்று கேட்டார்.

அம்மா எதையும் தூரப் போடுகிறவள் இல்லை. பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பள்ளிக்கு நான் போட்டதெல்லாம் மாமா பட்டறை ஷூதான். மாமா அதைத் திருப்பி, பாதத்தின் குழிவு வருகிற இடத்தைக் காட்டினார். ஆங்கிலத்தில் பொடியாக நான்கு எழுத்து. கம்பெனி அடையாளம் என்று நான் எப்போதோ நினைத்து மறந்தது.

“நூர். எம் மவ பேரு அண்ணாச்சி. அவ பொறந்ததுலருந்து நான் செய்யுத ஒவ்வொரு ஷூவுலயும் அடியில கெடக்கு. மேல போடுத பேரு விக்கதுக்கு. அடியிலதான் பாரம் பூரா நிக்கும், செஞ்சவன் தன் பேர அங்கனதான் போடுவான். அந்த ஷூவப் போட்டுட்டுத்தான் அவளும் பள்ளிக்கூடம் போறா. தன் பேரு மேலயே நடக்கா. நான் அவள நிறுத்தலியே.”

நான் அந்தப் பழைய ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து பள்ளி முடியும்வரை, முகம் தெரியாத ஒரு பெண்ணின் பெயர்மேல் நான் நடந்திருக்கிறேன். ஓடியிருக்கிறேன், கபடிக் கோட்டில் குதித்திருக்கிறேன். அன்று காலை பஸ் நிறுத்தத்தில் தயங்கி நின்ற அதே கால்களைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அப்பா, “புஸ்தகத்த எடு, பஸ்ஸுக்கு நேரமாவுது” என்றார். மாமா சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். விற்காமல் கிடந்த ஷூக்களின் அடியைச் சீவிவிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ஆனால் பெயரில் கத்தி வைக்க அவருக்குக் கை வரவில்லை. மாமாதான் சீவினார். அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சீவிய எழுத்துகளைக் குப்பையில் போடவும் அப்பாவுக்கு மனசில்லை. பழைய சாமி படத்தைக் கொண்டுபோவதுபோல் ஒரு துணியில் கட்டி, ஆற்றில் விட எடுத்துப் போனார். மாமாவும் கூடப் போனார். ஸ்பாஞ்சு ரப்பர் மிதக்கும் என்று இருவருமே யோசிக்கவில்லை. துணியை உதறியதும் என் பெயர் துண்டு துண்டாக, தலைமாறி, தாமிரபரணியில் மிதந்து போயிற்று. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அதை என்னவோ என்று பார்த்தார்கள்.

சீவாத ஒரு ஜோடி, இருந்ததிலேயே சின்னது, எனக்கு வேண்டும் என்று மாமாவிடம் கேட்டு வாங்கிவைத்திருந்தேன். ஊரே மிதிக்கிற பெயருக்கு நான் மட்டும் எதற்கு ஒதுங்கி ஒதுங்கி நடக்க வேண்டும் என்கிற ஆத்திரம். ஒரு நாள் முனையில் பஞ்சை அடைத்து, பாவாடைக்குக் கீழே அதை மாட்டிக்கொண்டு காலேஜுக்குப் போனேன். தோழிகள் சிரித்தார்கள். திரும்பி வரும்போது தூறல். கடை வாசலில் ஈர மண்ணைக் கடந்து உள்ளே ஏறினேன். அப்பா எதற்கோ வெளியே வந்தவர் வாசலில் நின்றார். படிக்குக் கீழே வரிசையாக என் பெயர், எல்லாம் கடையைப் பார்த்து வருகிற காலடிகள். அவர் என் கால்களைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவும் இல்லை, கையை மண்ணுக்குக் கொண்டுபோகவும் இல்லை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒன்றின் மீதும் கால் படாமல், நிதானமாகச் சுற்றிக்கொண்டு போனார். கடையை மூடும்வரை அன்று அப்படியேதான் போய் வந்தார்.

அப்பா இப்போது இல்லை. ஷூ மாமாவின் பட்டறையும் எப்போதோ போய்விட்டது. நூரை நான் கடைசிவரை பார்க்கவே இல்லை. நேற்று மழையில் மகன் அந்தப் புது ஷூவோடு வந்து, வராந்தாவின் வெள்ளைத் தரையில் நடந்து உள்ளே போனான். இரண்டு கம்பெனிப் பெயரும் வாசலிலிருந்து அவன் அறைவரை சேறாக விழுந்து கிடந்தன. துடைக்கிற துணியோடு வந்தேன். அவை யாருடைய மகளும் இல்லை, வெறும் கம்பெனிப் பெயர்கள்தான். தெரிந்தும், என் கால் தானாக விலகி, சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போயிற்று.