பனி விழுந்த அன்று வந்த கோல்

ஒஸ்லோவில் பனி அரிதாகத்தான் விழுந்தது என்று சொன்னால் ஒருவரும் நம்பப்போவதில்லை. யாழ்ப்பாணத்திலிருக்கும் சொந்தக்காரர்களின் மனதில் நாங்கள் பன்னிரண்டு மாதமும் ஐஸ்பெட்டிக்குள் குடியிருப்பவர்கள். ஆனால் எனக்கு ஒன்பது வயது நடந்த அந்தக் குளிர்காலத்தில், தைப்பொங்கல் முடிந்த பிறகும் நாங்கள் குடியிருந்த அம்மருட்டில் நிலம் கறுப்பாகவே கிடந்தது. மழை பெய்யும், பெய்த மழை இரவோடு உறையும், காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது ஆசிரியர்கள் உட்பட எல்லோரும் வாத்து நடை நடப்பார்கள். நத்தார்ப் பண்டிகைக்கு எனக்கு ஒரு அக்கெபிறெட் வாங்கித் தந்திருந்தார்கள். குந்தியிருந்து, கால்களுக்கு நடுவில் பிடியை இறுக்கிக்கொண்டு பனிச்சரிவில் இறங்குகிற சின்னப் பிளாஸ்டிக் தட்டு அது. சரிவில் பனி இல்லாதபடியால் நான் அதை வீட்டு நடையில் தரைவிரிப்பின் மேல் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சரிவு இருந்தது. பெரியவர்களுக்கு அது கார் நிறுத்துமிடத்துக்கும் காட்டுக்கும் நடுவில் கிடக்கிற புல்மேடு. எங்களுக்கு உலகமே அதுதான். கோடையில் ஒன்பது மணிக்கும் வெயில் எறிக்கும். அம்மாமார் பல்கனிகளில் வந்து நின்று ஐந்தாறு மொழிகளில் சாப்பிடக் கூப்பிடுவார்கள், எல்லா மொழியிலும் அது ஏச்சுப் போலத்தான் கேட்கும். விளையாட நோர்வேஜிய மொழி, சண்டை பிடிக்க அவரவர் தாய்மொழி என்று எங்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. நான்காம் மாடிச் சோமாலியச் சிறுமி ஹொடானுக்குத் தமிழில் மூன்று கெட்ட வார்த்தைகள் தெரியும். மூன்றும் நான் படிப்பித்தவை. இதையெல்லாம் நினைத்தால் இனிக்க வேண்டும். எனக்கு இனிப்பதில்லை. அந்தச் சரிவில் நான் விளையாடிய இருபது நிமிடம், அதற்கு முன் விளையாடிய அத்தனை வருடங்களையும் தின்றுவிட்டது.

வன்னியில் சண்டை முற்றியிருந்த வருடம் அது. அம்மாவின் ஒரே தங்கை, என் சித்தி, கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் அங்கே அகப்பட்டிருந்தார். நான் சித்தியை நேரில் கண்டதில்லை, குரலை மட்டும் தெரியும். ‘என்ரை வெள்ளைக்காரக் குஞ்சு’ என்றுதான் என்னைக் கூப்பிடுவார். சண்டை கிட்ட வர வர வழமையான போன்கள் எல்லாம் நின்றுபோயின. யாரோ ஒருவரிடம் இருக்கும் சட்டலைட் போனுக்கு வரிசையில் நின்றால் ஒன்றிரண்டு நிமிடம் கதைக்கலாம் என்றும், ஒஸ்லோவைச் சுற்றி ஹொல்ம்லியாவிலும் லோறென்ஸ்கூக்கிலும் சில தமிழ் வீடுகளுக்கு அப்படிக் கோல் வந்ததென்றும் கேள்விப்பட்டோம். எங்கள் வீட்டுக்கு மார்கழி முழுக்க ஒன்றும் வரவில்லை. அம்மா சமைத்ததைச் சாப்பிடாமல் எழும்பிப் போகத் தொடங்கியிருந்தார்.

ஊரிலிருந்து போன் எடுப்பவர்களை அவர்களுடைய காசில் கதைக்க விடுவது எங்கள் ஆட்களுக்குப் பெரிய குற்றம். ‘வையுங்கோ, நாங்கள் எடுக்கிறம்’ என்று சொல்லிவிட்டு, சுரண்டுகிற டெலிபோன் காட்டை எடுத்து இலக்கம் அடித்து, திருப்பி எடுப்பதுதான் வழக்கம். அதற்காகவே அப்பா ஒரு புதுப் போன் வாங்கி வந்தார். எடுப்பவருடைய இலக்கம் அதன் சின்னத் திரையில் தெரியும். ‘நம்பர் விழுற போன்’ என்று வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் காட்டினார். ஆனால் போனின் பொத்தான்களும் பட்டியல்களும் நோர்வேஜிய மொழியில் இருந்தபடியால், அதைச் சரியாகக் கையாளத் தெரிந்தவள் வீட்டில் நான் ஒருத்திதான். அந்தப் பெருமையில் நான் சில நாட்கள் நிலத்தில் நிற்கவில்லை.

சித்திக்கு மனப்பாடமாகத் தெரிந்தது எங்கள் வீட்டு இலக்கம் மட்டும்தான். ஆகவே எந்நேரமும் வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அப்பா பஸ் ஓட்டுபவர், பிற்பகல் இரண்டு மணிக்கு வேலைக்கு வெளிக்கிடுவார். அம்மா முதியோர் இல்லமொன்றின் சமையலறையிலிருந்து நான்கு மணிக்கு வருவார். நடுவிலுள்ள இரண்டு மணித்தியாலத்துக்கு நான் காவல். போனுக்கு மேலே சுவரில் அம்மா ஒரு தாள் ஒட்டியிருந்தார்: எங்கை இருக்கிறியள், பிள்ளையள் சுகமோ, எந்த நம்பருக்குத் திருப்பி எடுக்கிறது.

“மூத்திரம் பெய்யப் போறதெண்டாலும் கதவைத் திறந்து வைச்சிட்டுப் போ” என்று அம்மா சொல்லியிருந்தார். “அங்கை லைனிலை நிண்டு எடுக்கிறது, விளங்குதோ? ஒருக்கால் விட்டால் விட்டதுதான்.”

விளங்குது என்று நான் தலையாட்டினேன்.

பனி ஒரு புதன்கிழமை கடைசிப் பாடத்தின்போது தொடங்கியது. முதலில் சாம்பல் பறப்பதுபோல நாலைந்து துகள்கள், பிறகு கோழி இறகு அளவில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. வகுப்பு முழுவதும் ஜன்னலில் ஒட்டிக்கொண்டது. ஆசிரியை இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தானும் வந்து எங்களோடு நின்றார். நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். “ஸ்னோ எண்டு கண்டவுடனை துள்ளாதை. போனுக்குப் பக்கத்திலை இரு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருந்தேன். அதற்கு இன்றும் நானே சாட்சி. நாற்பது நிமிடம் போனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். கீழே எங்கள் சரிவு வெள்ளையாகிக்கொண்டு வந்தது. முதலில் இறங்கியவர்களின் தடம் விழுந்தது, பிறகு அந்தத் தடத்தையும் பனி மூடியது. அடுத்த நாளே மழை வரும் என்று வானிலையில் சொல்லியிருந்தார்கள். அந்த வருடத்தின் பனி மொத்தமும் இந்தப் பிற்பகல்தானோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து ஹொடான் வாசல் மணியை அடித்தாள்.

“ஃபெம் மினுத்தர்” என்றாள். ஐந்து நிமிடம். மூக்கு நுனியில் பனியோடு நின்று ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

நான் பொறுப்பில்லாத பிள்ளை இல்லை. அதனால்தான் இந்தக் கதை எனக்கு இவ்வளவு கசக்கிறது. போனின் சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றினேன். சமையலறை ஜன்னலை முழுதாகத் திறந்து, கதிரையை முட்டுக் கொடுத்து, போனை வயர் நீளும் மட்டும் இழுத்து ஜன்னலடியில் வைத்தேன். எங்கள் வீடு முதலாம் மாடி, சரிவு ஜன்னலுக்கு நேர் கீழே. மணி அடித்தால் கேட்கும், ஓடிவந்து எடுக்கலாம். கோடையில் அதே ஜன்னலிலிருந்து அம்மா கரண்டி தட்டுகிற சத்தம்கூடச் சரிவில் கேட்கும். புதுப்பனி சத்தத்தை விழுங்கிவிடும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஏழு தரம் சறுக்கினேன். முதல் தரம் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டாம் தரம் கத்திக்கொண்டு, மூன்றாம் தரம் ஹொடானின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரே தட்டில் இருவராக. பாதியில் கவிழ்ந்து, வாய்க்குள் பனி போய், சிரித்துச் சிரித்து எழும்ப முடியாமல் கிடந்தோம். மேலே பார்த்தால் வானமே தெரியவில்லை, வெள்ளை மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. ஊரே காதைப் பொத்திக்கொண்டதுபோல அமைதி. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு ஒருநாளும் இருந்ததில்லை என்று எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

ஐந்து நிமிடம் இருபது ஆனது. உள்ளே வந்து ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பினால், போனில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. பதிலளிக்காத அழைப்புகள் மூன்று என்று திரையில் இருந்தது. இரண்டு ஐம்பத்தொன்று, இரண்டு ஐம்பத்து நான்கு, இரண்டு ஐம்பத்தெட்டு. மூன்றும் ஒரே இலக்கம், எட்டு எட்டு என்று தொடங்கி ஒரு வரியில் அடங்காமல் நீண்ட இலக்கம். நோர்வேயில் அப்படி இலக்கமே கிடையாது. சித்தி அங்கே வரிசையில் நின்று, மூன்று தரம் எங்கள் வீட்டு மணியை அடித்திருக்கிறார் என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

அம்மாவின் வேலையிடத்துக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். அந்த இலக்கத்தை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கலாம். காட்டைச் சுரண்டி நானே திருப்பி எடுத்திருக்கலாம், எடுக்கத் தெரியும். எனக்குத் தோன்றியதோ ஒன்றே ஒன்று. அம்மா வந்து இதைப் பார்த்தால், நான் வெளியே போனது தெரிந்துவிடும். எடுத்தவர்கள் நாளைக்கும் எடுப்பார்கள், எடுக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தானே. பட்டியலைத் திறந்தேன். எல்லாவற்றையும் அழிக்கவா என்று போன் கேட்டது. ஆம் என்ற பொத்தானை அமத்தினேன். விளக்கு அணைந்தது. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டதுகூட ஞாபகம் இருக்கிறது.

நான்கு மணிக்கு அம்மா வந்தார். தலையிலிருந்த பனியைத் தட்டாமலே கேட்டார்.

“கோல் வந்ததோ?”

“இல்லை.”

“ஏன் வீடு இப்பிடிக் குளிர்ந்து கிடக்கு?”

“ஸ்னோ பாக்க ஜன்னல் திறந்தனான்.”

அம்மா போனின் திரையைக் குனிந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் அப்படியே கதிரையில் இருந்தார். நான் சொன்ன அந்த ‘இல்லை’யை இன்றுவரை திருத்தவில்லை. எத்தனையோ தரம் வாயெடுத்திருக்கிறேன், அம்மாவின் முகத்தைக் கண்டதும் வேறு எதையாவது கேட்டுவிடுவேன்.

அடுத்த நாள் மழை வரவில்லை. பனி மூன்று நாள் கரையாமல் கிடந்தது. ஹொடான் தினமும் மணி அடித்தாள், நான் கதவைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு என்னைப் போல ஒரு காவல்காரியை யாரும் கண்டிருக்க மாட்டார்கள். கழிவறைக்குக்கூடப் போகாமல் இரண்டு மணித்தியாலமும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாசி போயிற்று, பங்குனி போயிற்று. ஒரு நாள் அப்பாவின் காட்டைத் திருடி, எட்டு எட்டு என்று தொடங்கி, நினைவிலிருந்த நாலு இலக்கத்தோடு என் கற்பனையைச் சேர்த்து அடித்துப் பார்த்தேன். ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது. வேறு இலக்கங்கள் போட்டேன். அதே பெண், அதே சொற்கள். காட் முடியும்வரை அடித்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

வைகாசியில் சண்டையும் எல்லாமும் முடிந்தது. நகரத்தில் ஆர்ப்பாட்டங்களில் நின்று கத்திக் கத்திக் குரலில்லாமல் வந்த அப்பாவும் அம்மாவும் வீட்டில் ஒருவரோடொருவர் கதைக்கவில்லை. முகாம்களிலிருந்து வந்த பெயர்ப்பட்டியல்களில் சித்தியின் பெயர் இல்லை, சித்தப்பாவின் பெயர் இல்லை, பிள்ளைகளின் பெயரும் இல்லை. ஹொல்ம்லியாவிலிருந்த அம்மாவின் சிநேகிதியின் தம்பி மட்டும் உயிரோடு வெளியே வந்து ஒரு தகவல் சொன்னார். தை மாதத்தில் சட்டலைட் போன் வரிசையில் தனக்கு முன்னால் சித்தி நின்றவராம், அதற்குப் பிறகு காணவில்லையாம். அதைக் கேட்ட அன்று அம்மா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு வருடம் போனது. இனியும் காத்திருப்பதில் அர்த்தமில்லை, திவசமாவது கொடுப்போம் என்று அப்பா அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். இறந்த நாள் தெரியாது என்று அப்பா சொன்னார்.

“அதுக்கென்ன, செய்யலாம்” என்றார் ஐயர். “கடைசியாய்க் கதைச்ச நாளைச் சொல்லுங்கோ, அதை வைச்சுத் திதி பாப்பம்.”

சண்டை முடிவதற்கு முந்தின கார்த்திகையில் விளக்கீட்டுக்கு முதல்நாள் என்றார் அம்மா. அப்பாவுக்கும் தெரியாத ஒன்றை அப்போதுதான் சொன்னார். அன்று சித்தியோடு போனில் சண்டையாம். பிள்ளைகளையாவது வெளியே அனுப்பு என்று அம்மா கெஞ்சியிருக்கிறார். செத்தாலும் நாலு பேரும் ஒன்றாகத்தான் என்று சித்தி ஒரே பிடியாய் நின்றாராம்.

“‘அப்ப இனி எனக்கு எடுக்காதை’ எண்டு சொல்லிப்போட்டு நான்தான் ஐயா போனை வைச்சனான்” என்றார் அம்மா. “பிறந்ததிலையிருந்து ஒருநாளும் என்ரை சொல் கேளாதவள். அதை மட்டும் கேட்டிட்டாள். லைனிலை நிண்டவள், எனக்கு எடுக்கேல்லை.”

“லைன் கிடைச்சிராது” என்று அப்பா மெல்லச் சொன்னார்.

“நம்பர் விழுற போன்தானே. எடுத்திருந்தால் விழுந்திருக்கும்.”

அதைச் சொல்லிவிட்டு அம்மா அந்த இடத்திலேயே விம்மி விம்மி அழுதார். சித்தி செத்துப்போனதற்காக அழுகிறார் என்றே நான் நினைத்தேன். பத்து வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், போனைப் பற்றி ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை, நான் தப்பிவிட்டேன் என்பதுதான். தங்கை தன்மேல் கோபத்தோடேயே போய்விட்டாள் என்றுதான் அம்மா அழுகிறார் என்பதும், இல்லையம்மா, சித்தி மூன்று தரம் உங்களுக்கு எடுத்தவர் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் இந்த உலகத்தில் அம்மாவின் குளிர்ச்சட்டையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள் என்பதும் அன்று எனக்கு விளங்கவில்லை.