சங்கரன்கோவில் வழியாக நான்கு செம்புத் துண்டுகள்

ஒரு ஊரில் செய்த சாம்பிளை இன்னொரு ஊரில் இருக்கும் கருவிக்குக் கொண்டுபோக வேண்டிய ஆராய்ச்சி மாணவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். பேருந்தில் போகலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐப்பசி மழையில், ஒரு செவ்வாய்க்கிழமை, திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் வழியாக ராஜபாளையம் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போனேன்.

கொண்டுபோனது விரல்நகம் அளவில் நான்கு செம்புத் துண்டுகள். செம்பின் மேல் ஒரு பூச்சு ஒட்டுவதும் உரிவதும் மேற்பரப்பின் சில அணு அடுக்குகளைப் பொறுத்தது. அதுதான் என் ஆராய்ச்சி. ஈரக்காற்று பட்டால் அந்த அடுக்குகளில் ஆக்சிஜன் ஏறிவிடும். கண்ணுக்குப் பளபளவென்றுதான் இருக்கும், மேற்பரப்பை அளக்கும் கருவிக்குத் தெரிந்துவிடும். அதனால் காற்றை உறிஞ்சி எடுத்த அலுமினியப் பெட்டியில் வைத்திருந்தேன். இவற்றைச் செய்த மறுநாளே எங்கள் உலை பழுதாகிவிட்டது. மறுபடி செய்ய மாதக்கணக்காகும். கருவியில் எனக்குக் கிடைத்த நேரம் மதியம் இரண்டு மணி. காரில் கூட்டிப்போவதாகச் சொன்ன பேராசிரியருக்குக் காய்ச்சல்.

காலை 8.10க்குப் புதிய பேருந்து நிலையத்தில் ஏறினேன். சுமார் 55 கிலோமீட்டர், டிக்கெட் 50 ரூபாய். மானூர் தாண்டியதும் சில இடங்களில் வண்டி தூக்கிப் போட்டது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் பெட்டியை அணைத்துக்கொண்டேன். பக்கத்து இருக்கை அம்மா, "உள்ள முட்டையா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

9.55க்கு சங்கரன்கோவிலில் இறங்கி, பெட்டியின் அழுத்தமானியைப் பார்த்தேன். முள் கால்வாசி திரும்பியிருந்தது. எங்கோ ஒழுகி, காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. பேராசிரியருக்குப் போன் செய்தேன். "நைட்ரஜன் கிடைச்சா நிரப்பு, அது செம்பை ஒண்ணும் பண்ணாது" என்றார். சங்கரன்கோவிலில் அதற்கு எங்கே போவது?

நிலைய வாசலில் நின்ற ஆட்டோக்காரரிடம் கேட்டேன். "நைட்ரஜனா? டயருக்கா?" என்றார். இல்லை, சுத்தமானது வேண்டும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏசி வேலை பாக்குத பாய் ஒருத்தர் சிலிண்டர் வச்சிருக்காரு. ராஜபாளையம் ரோட்டுல. ஏறுங்க" என்றார். அறுபது ரூபாய்.

கடையில் இருந்தவர் பெயர் மீரான். ஊர் கடையநல்லூர், துபாயில் பன்னிரண்டு வருடம் ஏசி வேலை பார்த்தவர். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு ஏம்மா நைட்ரஜன்? என்கிட்ட வாக்கம் பம்ப் இருக்கு. மறுபடி உறிஞ்சிருதேன்."

"வேண்டாம் பாய். பம்ப்புல இருக்க ஆயில் வாடை உள்ள ஏறுனாலும் என் சாம்பிள் போயிரும்."

"சரி, அப்ப நைட்ரஜன ஏத்துவோம். உள்ள அழுத்தம் கூட இருந்துச்சுன்னா ஒழுக்கு வெளியதான் போகும். வெளிக்காத்து உள்ள வராது."

பதற்றத்தில் எனக்குத் தோன்றாதது அது. அவருடைய குழாய் என் பெட்டியின் வால்வில் பொருந்தவில்லை. நடுவில் ஒரு ரப்பர் குழாயைச் செருகிக் கம்பி சுற்றினார். மூடியில் இருக்கும் கண்ணாடி வெடித்துவிடுமோ என்று, "மெதுவா பாய், மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நிரம்பியதும் மூடியின் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவினார். ஒரு மூலையில் மட்டும் குமிழி வந்தது.

"ரப்பர் வளையத்துல என்னமோ மாட்டியிருக்கு. தொறந்து எடுக்கணும்."

திறந்தால் காற்றுப் படும். திறக்காமல் போனால், இன்னும் 30 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, நைட்ரஜன் முழுக்க வெளியேறிவிடும். மணி 10.50.

"தொறங்க" என்றேன்.

சோப்பு நீரைத் துடைத்தார். நைட்ரஜனை ஓடவிட்டபடியே திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினார். வளையத்தின் குறுக்கே ஒரு தலைமுடி. நீளத்தைப் பார்த்தால் என்னுடையதுதான். இடுக்கியால் எடுத்து மூடினார். பதினோரு நொடி. கைபேசியில் எண்ணிக் குறித்துக்கொண்டேன். மறுபடி சோப்பு, குமிழி இல்லை. இருநூறு கொடுத்தேன். நூறு போதும் என்று மீதியைத் தந்துவிட்டு, "போய்ச் சேந்ததும் ஒரு போன் போடுங்க. எனக்கும் படபடன்னுதான் இருக்கு" என்றார்.

11.25 பேருந்து. ராஜபாளையத்தில் மாறி, 1.20க்குக் கல்லூரி. கருவியைப் பார்த்துக்கொள்ளும் மேடம் முதலில் கேட்டது, "காத்து பட்டுச்சா?" இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. நடந்ததை நடந்தபடி சொன்னேன். நேரத்தோடு எழுதிக்கொண்டார்.

ஐந்தரை மணிவரை திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒழுகிய மூலையை ஒட்டியிருந்த இரண்டு துண்டுகளிலும் ஆக்சிஜன் நன்றாக ஏறியிருந்தது. அவை போய்விட்டன. மற்ற இரண்டும் தப்பின. ஆய்வுக்கு இரண்டு போதும். மீரான் பாயை அழைத்து, "பாதி பொழச்சிருச்சு" என்றேன். "பாதியா..." என்று இழுத்துவிட்டு, "பரவால்லம்மா, பாதி பெருசுதான்" என்றார்.

இப்படிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தலையைக் கட்டிக்கொண்டு பெட்டியை மூடுங்கள். முதல்நாளே மூடிவைத்து, முள் அசைகிறதா என்று ஓர் இரவு பாருங்கள், நான் பார்க்கவில்லை. காற்றுப் பட்டால் எத்தனை நொடி என்று எழுதிவையுங்கள், மறைக்காதீர்கள். சங்கரன்கோவிலில் வண்டி மாற ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் தனியாகப் போக வேண்டாம். பெட்டியைப் பிடிக்க ஓர் ஆள், பயப்பட ஓர் ஆள் என்று இரண்டு பேராவது வேண்டும்.