ஒரு சைஸ் பெரிசு

எங்கள் வீட்டில் எதை வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவோம். பள்ளிக்கூடப் பாவாடைக்கு உள்மடிப்பு, செருப்பில் குதிகாலுக்குப் பின்னால் விரலளவு இடம். நான் தாராவியில் தையல் பட்டறையில் வேலை பார்க்கிறவள். வளர்கிற பிள்ளைக்கு அளவெடுத்தாற்போல் துணி வாங்குகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சலாக வரும்.

என் மகள் மாட்டுங்காவில் பாலே நடனம் கற்றுக்கொண்டிருந்தாள். விரல் நுனியில் எழுந்து நிற்பதற்கான பாயிண்ட் ஷூவைப் போட வேண்டும் என்பதே அவள் கனவு. கூடச் சேர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் அனுமதி கிடைத்துவிட்டது. இவளை மட்டும் டீச்சர் நிறுத்திவிட்டார். பஸ்ஸில் சயானில் இறங்கும் வரை அழுதுகொண்டே வந்தாள். மறுநாள் நான் சண்டை போடத்தான் போனேன்.

"எங்க பிள்ளையை மட்டும் ஏன் டீச்சர் ஒதுக்குதீங்க?"

டீச்சர் கோபப்படவில்லை. மகளை ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்திலேயே அவள் கணுக்கால் நடுங்கி வெளிப்பக்கமாகச் சாய்ந்தது.

"பாத்தேளா? மொத்த வெயிட்டும் விரல் நுனிக்கு வரப்போறது. எலும்பு வேற இன்னும் வளர்ந்துண்டிருக்கு. இப்போ அவசரப்பட்டா அப்பறம் நடக்கறதுக்கே கஷ்டப்படுவா."

காலுக்குப் பலம் வர என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

அந்த வருஷம் முழுக்க எங்கள் ஒற்றை அறைதான் அவளுக்குப் பயிற்சிக்கூடம். கீழே கிடக்கும் கரித்துணியைக் கால்விரல்களால் கவ்வி எடுப்பாள். ஏணிப்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து மெல்ல ஏறி இறங்குவாள். குழாயடியில் தண்ணீருக்கு நிற்கும்போதும் ஒற்றைக்கால்தான். "ஏ, உன் மவ கொக்கு மாதிரில்லா நிக்கா" என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்வாள். வகுப்பு முடிந்ததும் டீச்சர் தரையில் உட்கார்ந்து, வியர்த்த அந்தப் பாதத்தை மடியில் வைத்து அழுத்திப் பார்ப்பார். பெற்ற நான்கூட அப்படிப் பார்த்ததில்லை.

ஒருநாள், இனி போடலாம் என்று டீச்சர் தலையாட்டினார். ஷூ வாங்கத் தானும் கடைக்கு வருவதாகச் சொன்னார். எனக்கு ஏது பொறுமை? அந்த வாரமே நானே போய் வாங்கி வந்துவிட்டேன்.

டீச்சர் அதை மகளின் காலில் மாட்டி, குதிகால் பக்கம் துணியைக் கிள்ளிப் பார்த்தார். தாராளமாகக் கையோடு வந்தது.

"வளருத பிள்ளைல்லா டீச்சர். கூடக் கொஞ்ச நாளைக்கு வரட்டுமேன்னு..."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "உள்ள கால் நழுவும். நழுவினா கணுக்கால் பிசகிடும். வளர்ந்தா வேற ஷூ வாங்கிக்கலாம். இந்தக் கால் இன்னைக்கு இருக்கற அளவுக்குத்தான் ஷூ வேணும்."

மகள் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே! டீச்சரே கடைக்கு வந்து, நிற்கவைத்து, எழவைத்து, பார்த்துப் பார்த்து மாற்றிக்கொடுத்தார்.

அந்த ஷூவோடு முதல் வகுப்பன்று கதவோரம் நின்றேன். சுவரோரக் கம்பியைப் பிடித்தபடி மகள் விரல் நுனியில் எழுந்தாள். என் கண் அவள் முகத்தில் இல்லை, கணுக்காலில் இருந்தது. அது சாயவில்லை. நான் சண்டை போட்டு ஜெயித்திருந்தால் அந்தக் கால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. நன்றி சொல்லப் போனேன். டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன்.

அந்தத் தீபாவளிக்குத்தான் மகளுக்கு முதல்முறையாக அளவாகச் சட்டை தைத்தேன்.