துக்க வீட்டில் 'வாரேன்' என்று சொன்னவர்

அப்பா போய்விட்ட செய்தி எனக்குப் போனில்தான் வந்தது. நான் வெளியூரில் இல்லை. அதே ஆஸ்பத்திரியின் வாசலில், ஜூஸ் கடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். "அக்கா, மேல வா" என்றான் தம்பி. மாத்திரை வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கியிருந்தேன். வாங்க வேண்டிய மாத்திரை எதுவும் இல்லை. அவர் மூச்சுக்குத் திணறியதைப் பார்த்துக்கொண்டு என்னால் அந்த அறையில் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை இருந்தது அம்மா மட்டும்தான். அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுதும்போதே நாலு தரம் எழுந்துவிட்டேன்.

காரைக்குடி டவுன் பஸ்ஸில் போய்வந்தவர்களுக்கு அப்பாவைத் தெரிந்திருக்கும். கண்டக்டர் கருப்பையா. ரிட்டயர் ஆன பிறகும், சீட் காலியாகக் கிடந்தாலும், கம்பியைப் பிடித்து நின்றுகொண்டுதான் வருவார். வீட்டிலும் அதே கதைதான். சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடப்பார். "கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டா திரியிறீக? உக்காந்து தின்னா என்ன?" என்று அம்மா கத்துவாள். "உக்காந்தா இறங்க மாட்டேங்குது சரசு" என்பார். என் மகள் யாழினியைக் கொஞ்சுவதுகூட உட்கார்ந்தபடி இல்லை. அவளைப் பஸ்ஸில் ஏற்றி, கண்டனூர் வரை போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வருவார். எங்கே போய்வந்தாய் என்று கேட்டால், "ஒரு ரவுண்டு" என்பாள் அவள்.

நம் பக்கத்தில் துக்க வீட்டுக்குப் போனால் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் வந்துவிட வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. கண்டனூரில் அம்மாவின் சித்தப்பா இறந்தபோது எல்லோரும் சத்தமில்லாமல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்பா நடுவீட்டில் நின்று கைகூப்பி, "அப்ப நான் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டார். பஸ் ஏறியதும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"எழவு வீட்டுல வாரேன்னு சொல்லுறீகளே, அடுத்த எழவுக்கு வருவீகளாக்கும்?"

"வாய் தவறிருச்சு சரசு. சொன்னது சொல்லியாச்சு. இனிப் போகாம இருந்தா அது பொய்யாயிரும்ல?"

பத்து நாள் கழித்துப் போகவும் செய்தார். அதற்குள் கூட்டமெல்லாம் வடிந்துவிட்டது. ரேஷன் கார்டில் பெயரை எடுப்பது எப்படி, மின்சார இணைப்பை யார் பெயருக்கு மாற்றுவது, வாரிசுச் சான்றிதழுக்கு எந்த ஆபீசுக்குப் போவது என்று தெரியாமல் திகைத்துக் கிடந்த வீட்டில், கையில் படிவங்களோடு போய் நின்றார். அதுவே பழக்கமாகிவிட்டது. அடுத்தடுத்த வீடுகளிலும் 'வாரேன்' என்று சொன்னார், சொன்னபடி போனார். வாய் தவறிச் சொன்னாரா, வேண்டுமென்றே சொன்னாரா என்று அம்மாவால்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. முதலில் முகம் சுளித்தவர்கள் பிறகு, "கருப்பையா எப்ப வாராக?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஊருக்கு அது பெருமை. எனக்கு மட்டும் அது முள். யாழினி பிறந்த அன்று என்னை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தவர், அடுத்த நிமிஷம் ஆளைக் காணோம். பிள்ளையைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றிக் கொடுத்த பிறகு, சாயங்காலம் வந்தார்.

"எங்கப்பா போனீக?"

"குன்றக்குடியில மீனாளுக்கு வாரேன்னு சொல்லியிருந்தேன்த்தா. புருஷனைப் பறிகுடுத்த பிள்ளை. ஆபீசு பாரம் எழுதி முடிக்க நேரமாயிருச்சு."

"ஊருல செத்தவுக வீட்டுக்கெல்லாம் ஓடுறீக. பெத்த மக வலியில கெடக்கும்போது நிக்க முடியலையா?"

அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடக்க ஆரம்பித்தார். பதினைந்து வருஷமாக எந்தச் சண்டை வந்தாலும் நான் இதைத்தான் முதலில் எடுப்பேன். ஒரு தடவைகூட அவர் மறுத்துப் பேசியதில்லை.

கருமாதி முடிந்த நாலாம் நாள் அந்த மீனாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவைப் பற்றி நல்லபடியாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் நாக்கு சும்மா இருக்கவில்லை. "எம்பிள்ளை பொறந்த அன்னைக்குக்கூட உங்க வீட்டுலதானக்கா இருந்தாக" என்று குத்தலாகவே சொன்னேன்.

அவர் யோசித்தார். "அன்னைக்கா? நான் எங்க அம்மா வீட்டுக்குல்ல போயிருந்தேன். வீடு பூட்டிக் கெடந்துச்சே. உங்க அப்பா மறுவாரம் வந்துதான் பாரமெல்லாம் எழுதிக் குடுத்தாக."

"அப்ப அன்னைக்கு அங்க வரவே இல்லையா?"

"வந்திருக்காக. பக்கத்து வீட்டுல சொன்னாங்க. பொழுது சாயிற மட்டும் பூட்டின வீட்டு வாசல்ல அங்குட்டும் இங்குட்டும் நடந்துக்கிட்டே இருந்தாகளாம். தண்ணி குடுத்துக் கேட்டதுக்கு, எம்மக வலியில கத்துது, காது குடுத்துக் கேக்க முடியல, அதான் ஓடியாந்துட்டேன்னாகளாம். வீட்டுல சொல்லிடாதீகன்னும் சொல்லியிருக்காக. இப்பச் சொன்னா என்ன, அவுகதான் இல்லையே."

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். "எனக்குத் தெரியும்" என்றாள். "நீ பொறந்தப்ப கோவிலூர் வரைக்கும் நடந்தே போயிட்டு வந்தாக. தம்பிக்கும் அப்படித்தான்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"வெக்கப்படுவாக. நீ திட்டுறதை வேணா வாங்கிக்கிறேன், பயந்தது தெரிய வேணாம்னு இருந்தாக."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்னமும் இருக்கிறது. 'பயமா இருந்துச்சுத்தா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பதினைந்து வருஷம் நான் அந்த மனுஷனைப் போட்டு வதைத்திருக்க மாட்டேனே. ஊரார் துக்கத்தில் போய் நிற்கத் தெரிந்தவருக்கு, சொந்தப் பிள்ளையின் வலிக்குப் பக்கத்தில் நிற்கத் தெரியவில்லை. அதை நல்ல காரியம் ஒன்றைச் சொல்லி மறைத்துக்கொண்டார். நானும் மாத்திரை வாங்கப் போகிறேன் என்றுதானே சொன்னேன்?

அப்பாவைத் தெரிந்தவர்கள், அவர் படிவம் எழுதிக் கொடுத்த வீட்டுக்காரர்கள், நீங்களெல்லாம் அவரிடமிருந்து நல்லது எதையாவது வைத்திருப்பீர்கள். எனக்கு வந்தது அவருடைய கால்கள். வலிக்கிற இடத்தில் நிற்காத கால்கள். என் பங்கு அதுதான் என்றால் வைத்துக்கொள்கிறேன். அவர் சொன்ன சாக்கை மட்டும் நான் வைத்துக்கொள்ளப் போவதில்லை.

மீனாள் அக்கா போன பிறகு யாழினியைக் கூப்பிட்டேன். "தாத்தா போனப்ப நான் மாத்திரை வாங்கப் போகல. பாக்கப் பயந்துக்கிட்டு வெளியில ஓடிட்டேன்" என்றேன்.

அவள் நின்றபடியே சொன்னாள்.

"நானும் தாத்தா பக்கத்துல இல்லம்மா. பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு நின்னேன். சத்தம் கேக்கக் கூடாதுன்னு."

நகர்ந்து, அவள் உட்கார இடம் விட்டேன். அன்று மட்டும் பொழுது சாயும்வரை நாங்கள் இருவரும் எங்கேயும் எழுந்து போகவில்லை.